முப்பது வயதில் எதற்கு பிரஷர் பார்க்க வேண்டும்?

முழு நைட் முடித்து மில்லிலிருந்து வீடு திரும்புகிறார் ஒருவர். வயது முப்பத்தைந்து என்று வைத்துக்கொள்வோம். டீ டம்ளரைப் பிடிக்கப் போனால் வலது கை சொன்னபடி கேட்கவில்லை. நடந்தால் அதே பக்கத்துக் கால் லேசாக இழுக்கிறது. தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, பேச்சில் மட்டும் சின்னக் குழறல். "கைய மடக்கி வச்சுப் படுத்திருப்பேன்" என்பார் அவர். "ராத்திரி பூரா கண்ணு முழிச்சா அப்படித்தான் இருக்கும், கொஞ்சம் படுத்து எந்திரி" என்பார்கள் வீட்டில். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் மூன்று ஷிப்ட் ஓடும் நூற்பு மில்லுக்குப் போகாத ஆள் இல்லாத தெரு குறைவு. இந்தப் பேச்சு எவர் வீட்டிலும் எழக்கூடியதுதான்.

பக்கவாதம் என்றால் அறுபதைத் தாண்டியவர் வாய் கோணி, நினைவு தப்பி விழுந்து கிடப்பது என்றே நமக்கு மனதில் பதிந்திருக்கிறது. மூளையின் மிகச் சின்ன ரத்தக்குழாய் ஒன்று அடைபட்டு வரும் பக்கவாதம் அப்படி வருவதில்லை. நினைவு தெளிவாக இருக்கும். சொல்வது புரியும். ஒரு பக்கத்து முகமும் கையும் காலும் மட்டும் வலுவிழக்கும், அல்லது மரத்துப்போகும். சிலருக்கு வந்து, அரை மணியில் சரியாகி, மாலையில் திரும்ப வரும். இவ்வளவு அமைதியாக வருவதால்தான் வீட்டார் ஏமாந்துபோகிறார்கள்.

இந்தக் குழாய்கள் ஏன் கெடுகின்றன என்று புரிந்துகொள்ள, மூளைக்கு ரத்தம் போகும் வழியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கழுத்து வழியாக நான்கு பெரிய தமனிகள் ஏறுகின்றன. அவை மூளையின் அடியில் ஒன்றோடொன்று சேர்ந்து, பின் கிளை கிளையாகப் பிரிந்து மேற்பரப்பில் படர்கின்றன. படரப் படர மெலிகின்றன, அழுத்தமும் படிப்படியாகக் குறைகிறது. மூளையின் உள்ளாழத்துக்கு வேறு ஏற்பாடு. அங்கே, பெரிய தமனியின் பக்கச்சுவரிலிருந்தே அரை மில்லிமீட்டர்கூடத் தேறாத கிளைகள் புறப்பட்டு நேரே உள்ளே துளைத்துப் போகின்றன. கண்மாய்ப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். மடை, வாய்க்கால், கிளை வாய்க்கால் என்று தண்ணீர் வேகம் தணிந்து வந்தால் வரப்பு நிற்கும். மடையை ஒட்டியே சின்ன வாய் ஒன்று வெட்டி நேராக வயலில் திருப்பினால், கண்மாய் பெருகிய நாளில் முதல் அடி அந்த வாய்க்குத்தான். அது தூர்ந்தால் அந்த வயலுக்கு வேறு தண்ணீரும் கிடையாது. மூளைக்குள் இறங்கும் இந்தக் கிளைகளும் பக்கத்துக் கிளையோடு கைகோப்பதில்லை. ஒன்று அடைந்தால் அது பாயும் இடம் பட்டினிதான்.

ரத்த அழுத்தம் ஆண்டுக்கணக்கில் கூடியே இருந்தால் இந்தச் சின்னக் குழாய்களின் சுவர் தடிக்கிறது, நெகிழ்வு போய் விறைக்கிறது, உள்வழி குறுகுகிறது. அதன் பிறகு மூன்றில் ஒன்று நடக்கலாம். குழாய் அடைபட்டால், 15 மில்லிமீட்டருக்குள் அடங்கும் சின்னப் பகுதி செத்து, நாளடைவில் குழியாகிறது. சுவர் பலவீனப்பட்டு வெடித்தால் மூளைக்குள் ரத்தக்கசிவு. இரண்டும் இல்லாமல் ரத்தம் நாள்பட்டுக் குறைவாகவே போய்க்கொண்டிருந்தால், மூளையின் பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகள் நலிந்து, எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் வெள்ளைத் திட்டுகளாகத் தெரியும். அடைப்பும் கசிவும் ஒன்றுக்கொன்று எதிரான நோய்கள் என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே ஒரே குழாய், ஒரே கேடு, இரண்டு முடிவுகள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

பாஸ்டன் நகரில் மில்லர் ஃபிஷர் என்ற நரம்பியல் மருத்துவர் 1960களில், இறந்தவர்களின் மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டி, இந்தக் குழிகளுக்குப் போகும் குழாயை ஒவ்வொன்றாகத் தேடிப் பின்தொடர்ந்தார். ஸ்கேன் இல்லாத காலத்தில் அவர் சேர்த்து வைத்த அறிவின் மீதுதான் இன்றைய விளக்கமும் நிற்கிறது. குழி சின்னதாக இருந்தும் பாதிப்பு ஏன் பெரிதாகிறது என்பதற்கான விடையும் அதில் உண்டு. மூளையின் மேற்பரப்பிலிருந்து கைக்கும் காலுக்கும் போகும் நரம்பிழைகளெல்லாம் உள்ளாழத்தில் ஒரு குறுகிய இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு இறங்குகின்றன. அங்கே சில மில்லிமீட்டர் செத்தாலே போதும், ஒரு பக்கம் முழுதும் விழுந்துவிடும். அதே அளவுக் குழி வேறிடத்தில் வந்தால் ஆளுக்குத் தெரியாமலே போகும். அடைப்பினால் வரும் பக்கவாதங்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்று இந்தச் சின்னக் குழாய் வகை.

இளவயதுக்காரர்களிடம் இந்த விகிதம் அப்படியே இருப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நாற்பத்தைந்துக்குள் வரும் பக்கவாதத்துக்குக் காரணங்கள் பலவகை. சிறுவயதில் வாதக்காய்ச்சல் வந்து கெட்ட இதய வால்வு, கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழிவது, ரத்தம் சீக்கிரம் உறையும் தன்மை, தமனிகளே அழற்சியால் தடிக்கும் நோய் என்று பட்டியல் நீளும். நம் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு. பிரசவித்த பெண்களுக்கு மூளையிலிருந்து ரத்தத்தை வெளியேற்றும் சிரைகளில் ரத்தம் உறைவது. 1970களிலும் 80களிலும் மதுரை மருத்துவர்கள் இதைப் பற்றி மருத்துவ இதழ்களில் விரிவாக எழுதினார்கள். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரை அளந்து கொடுக்கும் பழக்கமும் உடல் வறண்டு ரத்தம் உறையத் துணைபோகிறது என்ற சந்தேகம் நெடுநாளாகவே உண்டு. தாய்க்குத் தாராளமாகத் தண்ணீர் கொடுங்கள். கடும் தலைவலியோ வலிப்போ வந்தால் பேறுகாலக் கோளாறு என்று ஒதுக்காதீர்கள்.

ஆக, முப்பத்தைந்து வயதில் ஒருவருக்குக் கை கால் விழுந்தால் 'பிரஷர்தான் காரணம்' என்று முடித்துவிடவும் கூடாது. இதயத்துக்கு எக்கோ, கழுத்துத் தமனிக்கு ஸ்கேன், ரத்தப் பரிசோதனைகள் எல்லாம் பார்த்த பிறகே மருத்துவர் முடிவுக்கு வருவார். ஆனால், மற்ற காரணங்கள் பெரும்பாலும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியவை; பிரஷர் அப்படியில்லை. கையில் பட்டை கட்டி ஒரு நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம். தெரிந்துகொள்ளக்கூடிய ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பதுதான் எனக்குப் பொறுக்காத விஷயம்.

தமிழ்நாடு முழுக்க 2020-ல் எடுத்த தொற்றா நோய்க் கணக்கெடுப்பில், பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 சதவீதம்தான். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கி, பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வந்த பிறகு எடுத்த கணக்கில் அது 17 சதவீதமாக உயர்ந்தது. இரு மடங்குக்கும் மேல் என்று மகிழலாம். நூற்றுக்கு எண்பத்து மூன்று பேர் இன்னும் வெளியேதான் இருக்கிறார்கள் என்றும் எண்ணிப் பார்க்கலாம். வெளியே இருப்பவர்களில் இளைஞர்கள் கணிசம். சுகாதாரத் தன்னார்வலர் பகலில் வீட்டுக்கு வரும்போது அவர்கள் மில்லில் இருப்பார்கள், விசைத்தறியில் இருப்பார்கள், இல்லாவிட்டால் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். சத்திரப்பட்டி தறிகளில் நெய்யும் பேண்டேஜ் துணி எத்தனையோ ஊர் ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. அந்தத் தறியை ஓட்டுகிறவர் தனக்கென்று ஆஸ்பத்திரிப் படி ஏறுவது காய்ச்சலில் படுத்தால்தான்.

"எனக்குப் பிரஷர் இருந்தா தலை சுத்துமே, அப்படி ஒண்ணும் இல்லையே" என்பது அடிக்கடி காதில் விழும் வாதம். பெரும்பாலோருக்கு எதுவும் சுற்றாது. 160/100 இருந்தும் ஆள் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருப்பார். மருத்துவமனையில் எடுத்த அளவு வெவ்வேறு நாட்களிலும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது உயர் ரத்த அழுத்தம். வீட்டில் எடுப்பதானால் 135/85.

முப்பதுக்குள் அழுத்தம் கூடியிருந்தால் இன்னொரு கேள்வியும் கேட்டாக வேண்டும்: ஏன் கூடியது? சிறுநீரகக் கோளாறு, சிறுநீரகத் தமனிச் சுருக்கம், அட்ரினல் சுரப்பிக் கட்டி, தொடர்ந்து விழுங்கும் வலி மாத்திரை, ஸ்டீராய்டு, சிலருக்குக் கருத்தடை மாத்திரை எனக் காரணம் எதுவாகவும் இருக்கலாம். சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியாட்டினின், பொட்டாசியம் பார்ப்பது பெரிய செலவில்லை. மெடிக்கலில் வாங்கிப் போட்ட பிரஷர் மாத்திரை எண்ணைக் குறைத்துவிடும். அடியில் இருக்கும் காரணம் அப்படியே கிடக்கும். கர்ப்ப காலத்தில் பிரஷர் ஏறியிருந்த பெண்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். குழந்தை பிறந்து அழுத்தம் இறங்கியதும் அதை மறந்துவிடுகிறோம். அவர்களுக்குப் பிற்காலத்தில் உயர் ரத்த அழுத்தமும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். பிள்ளையின் தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக வைக்கும் தாய், ஆண்டுக்கு ஒருமுறை தனக்கும் ஓர் அளவு எடுத்துக்கொள்ள வேண்டும்.

பிரஷருக்கு அடுத்த இடத்தில் சர்க்கரையும் புகையிலையும். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி தமிழ்நாட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 14.4 சதவீதம். அதற்காக ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை. எப்போதாவது தின்னும் பால்கோவாவைவிட, நாள் தவறாமல் குடிக்கும் நாலைந்து சீனி டீ செய்யும் வேலை பெரிது. உப்பும் அப்படித்தான். உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளைக்கு 5 கிராமுக்குள். ஊறுகாய், கருவாடு, அப்பளம், இரவுக் கடைப் பரோட்டாவும் சால்னாவும் என்று போனால் நாம் அதைச் சாப்பாட்டு நேரம் ஒன்றிலேயே எட்டிவிடுவோம். ஐரோப்பாவில் பக்கவாதம் வந்த 18 முதல் 55 வயதுக்காரர்கள் ஐயாயிரம் பேரை வைத்துச் செய்து 2013-ல் வெளியிட்ட ஆய்வில், பாதிக்கு மேற்பட்டோர் புகைபிடிப்பவர்கள்; பாதிக்குச் சற்றுக் குறைவானோருக்கு உயர் ரத்த அழுத்தம். இளைஞர்களின் பக்கவாதம் என்றால் ஏதோ அபூர்வக் காரணம் என்று நினைத்திருந்தவர்களுக்கு அது ஒரு திருத்தம். இரவில் தூக்கத்தில் இயல்பாக இறங்க வேண்டிய அழுத்தம், வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறுபவர்களுக்குச் சரியாக இறங்குவதில்லை. ஷிப்டை மாற்றும் அதிகாரம் தொழிலாளியிடம் இல்லை என்பது தெரிந்ததுதான். கண் சொருகாமல் இருக்க உதட்டுக்கடியில் அடக்கும் புகையிலையை விடுவதாவது அவர் கையில் இருக்கிறது.

பரம்பரையாக வரும் வகைகளும் உண்டு, அரிதாக. காடாசில் என்பது அவற்றில் முக்கியமானது. நாட்ச்3 என்ற மரபணுவில் கோளாறு. அதை 1996-ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். தாய், தந்தை இருவரில் ஒருவருக்கு இருந்தாலே பிள்ளைக்கு வர ஐம்பது சதவீத வாய்ப்பு. முப்பதுகளில் கண்முன் ஒளி வெட்டி வரும் ஒற்றைத் தலைவலி, நாற்பதுகளில் சின்னச் சின்னப் பக்கவாதங்கள், பிறகு மறதி, மனச்சோர்வு என்று போகும். காரசில் என்ற இன்னொன்று இருபதுகளிலும் முப்பதுகளிலும் தலைகாட்டும். இளவயது வழுக்கையும் கடும் முதுகுவலியும் அதோடு சேர்ந்து வரும். இது பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் வரும். ஆகவே மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள்ளேயே முடிக்கும் குடும்பங்களில் வாய்ப்பு கூடுதல். வழுக்கையும் முதுகுவலியும் உள்ள இளைஞர்கள் இதைப் படித்துப் பதற வேண்டாம். அவை இரண்டும் ஊரெங்கும் உண்டு, காரசில் மிக மிக அபூர்வம். குடும்பத்தில் இரண்டு மூன்று பேருக்கு ஐம்பதுக்குள் பக்கவாதம் வந்திருந்து, அவர்களில் யாருக்கும் பிரஷரோ சுகரோ இல்லை என்றால் நரம்பியல் மருத்துவரிடம் அந்தக் குடும்ப வரலாற்றைச் சொல்லுங்கள்.

பதற்றம் என்றதும் ஸ்கேன் ரிப்போர்ட் நினைவுக்கு வருகிறது. தலைவலிக்காக எம்.ஆர்.ஐ. எடுத்த முப்பத்திரண்டு வயதுப் பெண்ணின் ரிப்போர்ட்டில் 'மூளையில் சில வெள்ளைப் புள்ளிகள், சிறு ரத்தக்குழாய் மாற்றமாக இருக்கலாம்' என்று ஒரு வரி இருக்கும். வீட்டார் அதை இணையத்தில் தேடி, இரவெல்லாம் தூங்காமல் கிடப்பார்கள். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு இப்படிச் சில புள்ளிகள் தெரிவது சாதாரணம். பெரும்பாலும் அவற்றுக்கென்று தனி மருத்துவம் தேவைப்படாது. திட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து பரவலாக இருந்தால், பழைய குழி தெரிந்தால், நுண்ணிய ரத்தக்கசிவின் தடம் இருந்தால், அப்போது கணக்கு வேறு. அந்த ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் போகும்போது பிரஷர், சர்க்கரை, கொழுப்பு அளவுகளையும் எடுத்துப் போனால் பேச்சு உருப்படியாக இருக்கும். புள்ளியை அழிக்க மருந்து இல்லை, புதிதாக வராமல் தடுக்க வழி உண்டு. அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2019-ல் வந்தது: மேல் அழுத்தத்தை 120-க்குள் வைத்தவர்களுக்கு இந்தத் திட்டுகள் பெருகுவது, 140-க்குள் வைத்தவர்களைவிடக் குறைவாக இருந்தது. அதில் கலந்துகொண்டவர்கள் ஐம்பதைத் தாண்டியவர்கள் என்பதால் அந்த எண்ணை அப்படியே நம் இளைஞருக்கு மாட்டிவிட முடியாது. போக வேண்டிய திசை புரிகிறது.

சரி, கை விழுந்தே விட்டது. என்ன செய்வது? சிரிக்கச் சொல்லி வாய் ஒரு பக்கம் இறங்குகிறதா, இரு கைகளையும் நீட்டச் சொல்லி ஒன்று தாழ்கிறதா, பேச்சு குழறுகிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் 108. கடைசியாக எத்தனை மணிக்கு அவர் நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்து, உள்ளே ரத்தக்கசிவு இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். ராஜபாளையத்திலிருந்து மதுரை ஏறக்குறைய 85 கிலோமீட்டர். சாலை ஒத்துழைத்தாலும் இரண்டு மணி நேரம் போய்விடும். விருதுநகரில் 2022 ஜனவரியில் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி அதைவிட அருகில். கூப்பிடு தூரத்தில் இரவும் பகலும் சி.டி. எடுக்கும் இடம் எது, அந்த ஊசி போடும் வசதி உள்ள மருத்துவமனை எது என்பதை வீட்டில் எல்லோரும் நலமாக இருக்கும்போதே விசாரித்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். பெரிய தமனி அடைபட்டால் குழாய் செலுத்திக் கட்டியை இழுத்தெடுக்க முடியும். நாம் பேசும் சின்னக் குழாய்க்குள் எந்தக் கருவியும் போகாது. ஆகவே இங்கே நேரம்தான் எல்லாம்.

செய்யக்கூடாதவையும் உண்டு. ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. உள்ளே கசிவாக இருந்தால் அது எரிகிற இடத்தில் எண்ணெய். விழுங்க முடியாதவருக்குத் தண்ணீர், டீ புகட்டினால் நுரையீரலுக்குள் போகும். பிரஷரை உடனே இறக்க நாக்கடியில் மாத்திரை வைப்பது, அடைப்புள்ள மூளைக்குப் போகும் கொஞ்ச ரத்தத்தையும் குறைக்கும். புறா ரத்தம் தேய்க்கிறேன் என்று கிளம்பும் உறவினர் ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். அவரை ஆம்புலன்ஸ் வருகிறதா என்று பார்க்கத் தெருமுனைக்கு அனுப்பிவிடலாம்.

பிழைத்து வந்த பிறகு மாத்திரை விஷயம். லேசான பக்கவாதத்துக்குப் பின் ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். பெரும்பாலும் மூன்று வாரம் வரை. அதன் பின் ஒன்று போதும். 'ரெண்டும் இருந்தால் இன்னும் பாதுகாப்பு' என்று பழைய சீட்டைக் காட்டி ஆண்டுக்கணக்கில் வாங்குவோர் உண்டு. சின்னக் குழாய் பக்கவாதம் வந்த மூவாயிரம் பேரைச் சராசரியாக மூன்றரை ஆண்டுகள் கவனித்து 2012-ல் வெளியான ஆய்வில், இரண்டு மாத்திரை தொடர்ந்தவர்களுக்குப் பக்கவாதம் குறையவில்லை, ரத்தப்போக்கு மட்டும் ஏறக்குறைய இரட்டிப்பானது. அடைவதும் வெடிப்பதும் ஒரே குழாய்தான் என்று மேலே சொன்னது இதற்காகவே. அதே ஆய்வில், மேல் அழுத்தத்தை 130-க்குள் வைத்தவர்களுக்கு மூளை ரத்தக்கசிவு பாதிக்கும் கீழாகக் குறைந்தது. மாத்திரை போட்டு அளவு சரியானதும் 'பிரஷர் போயிடுச்சு' என்று நிறுத்திவிடுவதுதான் நம்மவர்கள் செய்வது. போகவில்லை, மாத்திரை பிடித்து வைத்திருக்கிறது. இளவயதுக்காரர்களுக்குக் கை கால் பலம் பெரும்பாலும் நன்றாகவே திரும்பும். அப்படித் திரும்பியவர்கள்தான் மாத்திரையை முதலில் விடுகிறார்கள்.

அளவு எடுப்பதிலும் கொஞ்சம் ஒழுங்கு வேண்டும். ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, கால் இரண்டையும் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு மட்டத்தில் மேசை மீது வைத்து எடுக்க வேண்டும். அதற்கு முன் அரை மணி நேரத்துக்குள் டீ, பீடி கூடாது. சிறுநீரை அடக்கிக்கொண்டு எடுத்தால் அளவு ஏறும்; பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினாலும் ஏறும். இரண்டு முறை எடுத்துச் சராசரி போட வேண்டும். தமிழக அரசு 2024-ல் தொடங்கிய 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' வேலையிடத்துக்கே வந்து இந்த அளவை எடுக்கும் திட்டம். உங்கள் மில்லுக்கு அது வருகிறதா என்று மேஸ்திரியிடமோ தொழிலாளர் நல அலுவலரிடமோ கேளுங்கள். வராவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்ப்பார்கள். "நார்மல்தான்" என்று வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பினால், மேல் எண், கீழ் எண் இரண்டையும் தேதியோடு எழுதித் தரச் சொல்லுங்கள்.